ஒரு பிள்ளைக்குத்தான் எடம்

உக்காருங்க்கா. அந்த ஓரத்துல வேண்டாம், தகரம் கிழிஞ்சு கெடக்குது, சேலை மாட்டிக்கும். இப்படி என்ற பக்கம் வந்துருங்க. பையனையும் உள்ள இழுத்து நிறுத்திக்குங்க, இந்த வளைவுல லாரிக்காரன் ஒடிச்சுத்தான் திருப்புவான்.

ஸ்கூலுக்குத்தானுங்களே? ஆறாவதா? அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். இப்பப் போகாதீங்க. கேட்டுக்குள்ள ஒரு வெள்ளைக் காரு நிக்குது பாருங்க, யாரோ பெரிய எடம் போலிருக்குது. அது வெளிய போகட்டும். அப்பத்தான் மேடம் உங்ககூட உக்காந்து பேசுவாங்க. இல்லீன்னா வெளிய பெஞ்சுல உக்கார வெச்சுட்டு மறந்துருவாங்க.

என்ற பேரு பூங்கொடி, சாமி. உன்ற பேரு? சர்வேஷா. நல்ல பேரு.

நானா? நான் பஸ்ஸுக்கு நிக்கலீங்க. ஸ்கூலு தொறந்த நாள்ல இருந்து இந்த நெழக்கொடைதான் எனக்கு. என்ற பொண்ணு உள்ள இருக்கறா. காலைல கொண்டாந்து விட்டுட்டு இங்கயே உக்காந்துக்குவேன், சாயங்காலம் கூட்டிட்டுப் போவேன். எடையில கூப்புட்டா ஓடோணுமுங்க, அதுக்குத்தான். சோத்தைப் போசியில கொண்டாந்துருவேன். தண்ணி அந்தப் பஞ்சர் கடையில கேட்டாக் குடுப்பாங்க. ஒண்ணுக்குப் போறதுதான் செரமம், அது கெடக்குது.

நல்ல ஸ்கூலான்னு கேட்டீங்களே. நல்ல ஸ்கூலுங்க்கா. மேடம் தங்கமானவங்க. மத்தவங்க மாதிரி மூஞ்சியில அடிக்கற பேச்செல்லாம் இல்ல. நான் ஏறி எறங்காத ஸ்கூலு இல்லீங்க, அதனால சொல்றேன்.

மறுபடியும் என்ற பேரா? பூங்கொடி, கண்ணு. ஆமா, பூங்கொடி.

என்ற பொண்ணு பேரு இனிகா. பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. நல்ல மூக்கு முழி. பேச்சுத்தான் வரல. தண்ணி, போலாம், வேண்டாம், அப்படி நாலஞ்சு வார்த்தை. சின்னதுல கோயமுத்தூர்ல காட்டினப்ப ஆட்டிசம்னு சொன்னாங்க. நான் அந்தப் பேரை வெளிய சொல்றதில்லீங்க. கொஞ்சம் லேட்டுன்னு சொல்லுவேன். லேட்டுன்னா என்னைக்கோ ஒரு நாள் வந்துருமுல்ல. அந்தப் பேரைச் சொன்னா ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் அவளைப் பாக்கற பார்வையே மாறிப் போயிருது. மொத நாள் வரைக்கும் மடியில தூக்கி வெச்சுக்கிட்டிருந்தவங்க மறுநாள் தள்ளி உக்காந்துக்கறாங்க.

அஞ்சாவது வரைக்கும் எனக்கு ஒரு கவலையும் இல்லாம போச்சுங்க. எங்கூர்ல ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம், சின்னது, ரெண்டே ரூமு. சுலோச்சனா டீச்சர்னு ஒருத்தங்க. இனிகாவைச் சேத்தப்ப அவ டீச்சர் மேசைக்கு அடியில போய் உக்காந்துக்குவா. ஒரு வருசம் மேசைக்கு அடியிலதான் இருந்தா. டீச்சர் ஒரு வார்த்தை சொல்லலீங்க. காலை ஒதுக்கி வெச்சுக்கிட்டு அவங்க பாட்டுக்குப் பாடம் நடத்துவாங்க. நான்தான் போய், டீச்சர், இழுத்து வெளிய உக்கார வைங்கன்னு சொல்லுவேன். அவ வரும்போது வரட்டும் பூங்கொடின்னுருவாங்க. ரெண்டாம் வருசம் அவளே வெளிய வந்து பாயில உக்காந்துட்டா.

அப்பறம் மத்தியானச் சோத்துக்கு முட்டை வெக்கற வேலையை அவகிட்டக் குடுத்துட்டாங்க. ஒவ்வொரு தட்டுலயும் ஒரு முட்டை. ஒருத்தரை உடமாட்டா, ஒருத்தருக்கு ரெண்டு வெக்கமாட்டா. பசங்களும் அவ வந்து வெக்கற வரைக்கும் சோத்துல கை வெக்காம உக்காந்திருப்பாங்க. லீவு நாள்ல எங்கூட்டுல கொய்யாப்பழம், தக்காளி, எது கெடைச்சாலும் எடுத்துக்கிட்டு வந்து எங்க தட்டுல ஒண்ணொண்ணா வெப்பா. அவங்கப்பா சிரிப்பாரு. அப்பெல்லாம் சிரிப்பாருங்க.

ஆனா அங்க அஞ்சாவதுதான் கடேசி. டீச்சர் போன தை மாசமே கூப்புட்டுச் சொல்லிட்டாங்க, பூங்கொடி, பக்கத்தூர் நடுநிலைப் பள்ளியில ஹெச்செம்மு எனக்குத் தெரிஞ்சவரு, நான் பேசிட்டேன், போய்ப் பாத்துட்டு வான்னு. போனேன். சர்க்கார் பள்ளிக்கூடந்தான், எட்டாவது வரைக்கும் இருக்குது. அந்த ஹெச்செம்மு ஒண்ணுமே கேக்கலீங்க. என்ன பேசுவா, எப்படி உக்காருவா, ஒண்ணும் கேக்கல. சேத்துக்கலாம்மா, இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஒரு டீச்சரம்மா வாரத்துல ரெண்டு நாள் வர்றாங்கன்னாரு. எனக்கு அந்த வார்த்தையே புடிக்கல. இந்த மாதிரிப் பிள்ளைங்கன்னா எந்த மாதிரி?

வெளிய வந்து பாக்கறேன், வராண்டாத் திண்டு மேல ஒரு பையன் உக்காந்திருக்கறான், பெரிய பையன், வாயில எச்சி ஒழுகுது, கையை இப்படி இப்படி ஆட்டிக்கிட்டு. பக்கத்துல இன்னொரு பொண்ணு அவன் வாயைத் தொடச்சு உட்டுக்கிட்டிருக்கறா. இனிகா போய் அவங்க பக்கத்துல உக்காந்துட்டா. நான் கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். வேண்டாம்னா. போலாம்னு சொல்லுவான்னு பாத்தா, வேண்டாம் வேண்டாம்னு அந்தப் பக்கமே இழுக்கறா. பிள்ளைக்கு என்ன தெரியும், சொல்லுங்க. என்ற பொண்ணு அந்த மாதிரி இல்லீங்க்கா. நல்லாப் பேசற பிள்ளைங்ககூட உக்காந்தாத்தானே பேச்சு வரும். அந்தப் பையன்கூட உக்காந்தா கையாட்டத்தான் கத்துக்குவா. அப்பறம் இன்னொண்ணு, எங்கூட்டுக்காரரோட தம்பி பசங்க அங்கதான் படிக்கறாங்க. தெனமும் வூட்டுக்குப் போய் இனிகா இன்னிக்கு இப்படிப் பண்ணினா அப்படிப் பண்ணினான்னு சொல்லுவாங்க. அதெல்லாம் ஆவாதுங்க. டீச்சர்கிட்ட எடம் இல்லைன்னுட்டாங்கன்னு சொல்லிட்டேன்.

எங்கூட்டுக்காரரு கேன் தண்ணி போடற வண்டி வெச்சிருக்கறாரு. ஏனுடி வேண்டாம்னன்னு ஒரே சண்டை. குடுக்கறவங்களை உட்டுட்டு எங்க போய் நிப்பன்னாரு. பாருங்க, வேற ஸ்கூலா இல்லைன்னு சொல்லிட்டு, கோபியில ஒரு பெரிய மெட்ரிக் ஸ்கூலுக்குப் போனேன். வாசல்ல பொம்மையெல்லாம் வெச்சு, ஏசி ரூமு. அந்த மேடம் இனிகாகிட்டக் குனிஞ்சு, உன் பேரென்ன டியர்னாங்க. இவ மேசை மேல இருந்த கண்ணாடி உருண்டையைப் பாத்துக்கிட்டே நிக்கறா. நான் வேர்த்துப் போய், இனிகான்னு சொல்லு கண்ணு, இனிகான்னு சொல்லுன்னு காதுல சொல்றேன். அவங்க நிமுந்து என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேம்மா, இங்க எடம் ஃபுல்லு, வேற நல்ல எடமாப் பாருங்கன்னாங்க. எனக்குப் பின்னாடி நின்னவங்களுக்கு அதே ஆறாவதுல எடம் குடுத்தாங்க, நான் செருப்பு மாட்டறதுக்குள்ள. பவானியில ஒரு எடம். அந்தியூர்ல ஒரு எடம். ஒருத்தங்க டெஸ்ட் வெப்போம்னாங்க, ஒருத்தங்க டிசி வாங்கிட்டு வாங்க பாக்கலாம்னுட்டு வாங்கிட்டுப் போனதுக்கப்பறம் மாட்டேன்னாங்க. நான் அதுக்குள்ள மெடிக்கல் கடையில வேலையை உட்டுட்டேன். தெனம் லீவு கேட்டா எந்த மொதலாளி குடுப்பாரு.

பூங்கொடிங்க கண்ணு. உனக்குச் சளைக்காது, கேளு கேளு. எனக்கும் சளைக்கல. இல்லீங்க்கா, அதட்டாதீங்க. கேக்கட்டும்.

ஸ்கூலு தொறக்கறதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவங்கப்பா வாங்க போலாம்னாரு. ஈரோட்டுக்கு அந்தாண்ட ஒரு எடம் இருக்குது, இந்தப் பிள்ளைங்களுக்குன்னே நடத்தறாங்க, சும்மா பாத்துட்டு வந்துருவோம்னாரு. கேன் வண்டியிலயே போனோம். நான், அவ, அவரு. எடம் நல்லாத்தான் இருந்துதுங்க, பொய் சொல்லக்கூடாது. மரமெல்லாம் வெச்சு, பிள்ளைங்க மணி கோத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஒரு பாதர் வந்து பேசினாரு. பேசிட்டே இருக்கும்போது, பொண்ணு துணியெல்லாம் கொண்டு வந்துட்டீங்களான்னு கேட்டாரு. எனக்கு வெளங்கல. எந்தத் துணிங்கன்னேன். எங்கூட்டுக்காரரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

வண்டிக்குப் போய்ப் பாத்தேன். காலி கேனுக்குப் பின்னாடி ஒரு பை. அவளோட கவுனு, சீப்பு, அவ போத்திக்கற அந்த நீலப் போர்வை. எல்லாம் அவரே மடிச்சு வெச்சிருக்கறாரு. என்ற கண்ணுல படாம எப்ப மடிச்சாரோ. ஏங்க இப்படின்னு கேட்டேன். அந்த மனுசன் வண்டிச் சக்கரத்துகிட்டக் குத்த வெச்சு உக்காந்துட்டாரு. நம்மளால முடியல பூங்கொடி, நமக்கப்பறம் இவளுக்கு யாருன்னாரு. அவரு அழுதாருங்க. நான் அழல. பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டேன், இனிகா கையைப் புடிச்சேன், நடந்தே பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். அவரு வண்டியை எங்க பின்னாடியே மெதுவா ஓட்டிட்டு வந்தாரு. நாங்க அதுல ஏறல. பஸ்ல வந்தோம்.

அதுல இருந்து அவரு எங்கிட்ட அவ்வளவாப் பேச்சு வெச்சுக்கறதில்ல. இனிகாவுக்கு மட்டும் தெனமும் முறுக்கு வாங்கிட்டு வருவாரு. அவ அதைத் தொடறதில்ல.

அப்பத்தான் இங்க வந்தனுங்க. இதுதான் கடேசின்னு நெனச்சுட்டு வந்தேன். இங்கயும் இல்லைன்னா அப்படியே கெழக்க நடந்து வாய்க்காலுக்குப் போயிருலாம்னு, உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, அப்படி ஒரு நெனப்புலதான் வந்தேன். மேடம் கதவைச் சாத்திட்டு உக்காரச் சொன்னாங்க. நான் சேர்ல உக்காரல, அவங்க காலைப் புடிச்சுட்டேன். சீ எந்திரிங்கம்மான்னு தூக்கி உட்டாங்க. அப்பறம் சொன்னாங்க, இத பாரும்மா, மத்த பேரண்ட்ஸுக்குத் தெரிஞ்சா எனக்குத்தான் பிரச்சனை. ஒரு பிள்ளைன்னா பாத்துக்குவேன். ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மேல என்னால முடியாது. நீ வெளியவே இருக்கோணும், சத்தம் போட்டா அந்த நிமிசமே கூட்டிட்டுப் போயிரோணும். செரிங்க மேடம், செரிங்க மேடம்னேன். அவங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள செரின்னேன்.

பாத்தீங்களா, எவ்வளவு பெரிய மனசு. இனிகாவுக்குத் தனி ரூமே குடுத்திருக்கறாங்க. பந்து, ஸ்டம்பெல்லாம் போட்டு வெக்கற ரூமுதான், ஆனா தனி ஃபேன் இருக்குது. ஆயாம்மா ஒருத்தங்க அப்பப்ப வந்து பாத்துக்குவாங்க. கிளாஸ்ல எப்ப மேடம் உக்கார வெப்பீங்கன்னு ஒருக்காக் கேட்டேன். மொதல்ல பழகட்டும்னாங்க. அட்டெண்டன்ஸ்ல இன்னும் பேரு ஏறலீங்க, அது அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டாங்க. பேரா முக்கியம்? யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு எல்லாப் பிள்ளைங்களையும் போல அந்தக் கேட்டுக்குள்ள போறாளே. காலைல அவ உள்ள போறதை எங்கூர்க்காரங்க பஸ்ல இருந்து பாக்கறாங்க. பூங்கொடி மக இங்கிலீஷ் மீடியத்துல படிக்கறாளான்னு கேக்கறாங்க. ஆமான்னு சொல்றேன். பொய்யில்லையே.

அவளும் நொம்ப மாறிட்டாளுங்க. சத்தமே போடறதில்ல. முன்னெல்லாம் ஓயாம ஏதாச்சும் ஒரு சத்தம் வாயில ஓடிட்டே இருக்கும், இப்பச் சுத்தமா நின்னு போச்சு. மேடமே சொன்னாங்க, நல்லா செட்டாயிட்டான்னு. தட்டுல எதையும் கொண்டாந்து வெக்கறதும் நின்னு போச்சு, வளர்ந்துட்டாளுங்க. புருவத்து முடியைப் பிச்சுப் பிச்சு ஒரு பக்கம் புருவமே இல்ல, அது சூட்டுக்கு. வெளக்கெண்ணெய் வெக்கறேன். தண்ணி, போலாம்னு சொல்லிட்டிருந்தா பாருங்க, அதுவும் இப்பக் கொஞ்சம் கொறஞ்சிருக்குது. கொறஞ்சிருக்குதுன்னா, ஸ்கூலு போனதுல இருந்து அவ சொல்லி நான் கேக்கல. வந்துரும். எல்லாம் வந்துரும்.

போன வாரம் சுலோச்சனா டீச்சரை மார்க்கெட்டுல பாத்தேன். இனிகாவைக் குனிஞ்சு பாத்துட்டு, அந்த ஹெச்செம்மு இன்னும் ஒரு எடம் வெச்சிருக்கறாரு பூங்கொடின்னு மட்டும் சொன்னாங்க. எடம் இல்லைன்னுட்டாங்கன்னு நான் சொன்னது பொய்யின்னு அவங்களுக்குத் தெரிஞ்சுருக்குது போல. கேட்டுக்காத மாதிரி வந்துட்டேன். இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப அங்க கொண்டு போய் உட்டா, பாத்தியான்னு எங்கூட்டுக்காரரு கேப்பாரு, ஊரே கேக்கும். அதுக்காகவா இத்தனையும்?

காரு ஸ்டார்ட் பண்ணிட்டாங்க பாருங்க. வருது.

அக்கா, உக்காருங்க. இன்னும் ஒரு வார்த்தை. கோவிச்சுக்காதீங்க. நீங்க பஸ்ஸை உட்டு எறங்கும்போதே பாத்துட்டனுங்க. பையன் அந்தக் கம்பியை மோந்து பாத்தான். எம்பேரை இத்தனை தரம் கேட்டுட்டான். எனக்குத் தெரியாதுங்களா. நீங்களும் எங்கெங்கயோ போயிட்டுத்தான் இங்க வந்திருப்பீங்க. உங்க செருப்பைப் பாத்தாலே தெரியுது.

ஆனா மேடம் ஒரு பிள்ளைதான்னு சொல்லியிருக்கறாங்க. நான் சொன்னேனுங்களே. ஒண்ணே ஒண்ணு.

உங்க பையன் பேசறான். நல்லா கோர்வையாப் பேசறான், பேரு கேக்கறான், சொன்னா மூஞ்சியப் பாக்கறான். அவனை எந்த ஸ்கூல்லயும் எடுத்துக்குவாங்க. எனக்கு அவனைப் பாத்தாப் பொறாமையா இருக்குதுங்க, கண்ணு வெக்கறேன்னு நெனச்சுக்காதீங்க. ஆனா மேடம் அவனையும் என்ற பொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தாங்கன்னா அவனைத்தான் வெச்சுக்குவாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் செய்வாங்க. நாளைக்குக் காலைல என்னைக் கூப்புட்டு, நல்லதுக்குத்தான் சொல்றேன் பூங்கொடின்னு ஆரம்பிப்பாங்க. அப்பறம் நான் எங்க போவேன்? அந்த நீலப் போர்வையை அவரு இன்னும் பையில இருந்து எடுக்கலீங்க்கா. நான் வூட்டுல எறக்கி வெச்ச பையை எடுத்துப் பீரோவுக்கு மேல அப்படியேதான் வெச்சிருக்கறாரு. நான் பாக்கலன்னு நெனச்சுட்டு இருக்கறாரு.

இன்னொரு ஸ்கூலுக்குப் போய்ப் பாருங்களேன். நான் உங்களுக்கு விசாரிச்சுச் சொல்றேன். உங்க கையைப் புடிச்சுக் கேக்கறேன். வேற யாருகிட்டயாச்சும் இப்படிக் கேட்டிருப்பனா நானு. இங்க எடம் இல்லீங்க. இங்க எடமே இல்ல.

ஏங்க்கா, எந்திரிச்சுட்டீங்க. அழறீங்களா? அழாதீங்க. பையன் பாக்கறான் பாருங்க.

செரி. போங்க. நீங்களும் பெத்தவங்கதானே. நான் சொல்லி நீங்க நிக்கவா போறீங்க. எனக்கு யாரு சொல்லியிருந்தாலும் நானும் நின்னிருக்கமாட்டேன்.

அக்கா. ஒரு நிமிசம் நில்லுங்க. திரும்ப உக்கார வெக்கறதுக்குச் சொல்லலீங்க, நெசமாவே சொல்றேன். இப்ப இன்டர்வெல் பெல்லு அடிப்பாங்க. ஆபீஸ் வாசப்படிக்கு நேர் மேலதான் அந்த பெல்லு இருக்குது, பெரிய எலக்ட்ரிக் பெல்லு, ஆளு நிக்கறதெல்லாம் பாக்கமாட்டாங்க, போட்டுருவாங்க. மொத நாள் இனிகா அதுக்கு அடியிலதான் நின்னுட்டிருந்தா. எனக்கு யாரும் சொல்லலீங்க. அவ உழுந்து உருண்ட உருளுல மேடம் ரூமை உட்டு ஓடியாந்துட்டாங்க. உங்க பையனை அந்த மாதிரி அவங்க மொதல்ல பாக்க வேண்டாம். இங்கயே நில்லுங்க. அடிச்சு முடியட்டும், பசங்க சத்தம் கொஞ்சம் அடங்கட்டும், அப்பறம் மெதுவாக் கூட்டிட்டுப் போங்க.

இங்க வரைக்கும் கேக்கும், லேசா இருக்காது. காதைப் பொத்திக்கோணும். நான் பொத்தட்டுங்களா, வேத்தாளு தொட்டா ஒத்துக்குவானுங்களா?

ஒத்துக்கமாட்டானுங்களா? இனிகாவும் அப்படித்தான். அப்ப நீங்களே பொத்துங்க. அந்தப் பையை இப்படிக் குடுங்க, நான் புடிச்சுக்கறேன்.